கரையில் ஓடக் கூடாது

நான் பொதுவாக வேகமாக நடக்கிறவள், இன்ஸ்பெக்டர் மேடம். கல்லூரியில் ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு நான் போகிற போக்கைப் பார்த்து, "இவளுக்கு மட்டும் எங்கேயோ தீப்பிடிச்சிருக்கு" என்பார்கள். அம்மாவுக்கும் அதே புகார்தான். பொம்பளைப் பிள்ளை நடந்தால் தரை அதிரக் கூடாதாம். "தரைக்கு ஒண்ணும் ஆகலம்மா, உனக்குத்தான் அதிருது" என்று சொல்லிவிட்டு இன்னும் நாலு எட்டு ஓங்கி வைப்பேன்.

ஆகவே நேற்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அணையிலிருந்து ஃபோன் வந்த பிறகு, நான் வேலை பார்க்கிற இந்த விடுதியிலிருந்து ஆற்றின் நடுப்பாறைக்குப் போய்ச்சேர எனக்கு ஏன் அவ்வளவு நேரமானது? ஆனால் நீங்களே கேட்டுவிட்டு நீங்களே பதிலும் சொல்லிக்கொண்டீர்கள். "இங்க விதி அப்படி, பாவம் அந்தப் பொண்ணு என்ன செய்யும்" என்று மேனேஜரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விபத்து என்று எழுதி என் கையெழுத்துக்கு நீட்டினீர்கள். கையெழுத்துப் போட எனக்கு ஒன்றும் கை வலிக்காது. அந்தப் 'பாவம்'தான் உறுத்துகிறது. இராத்திரி முழுக்க அது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி இருந்தது. அதனால்தான் இன்று உங்களைத் திரும்ப வரச் சொன்னேன். உட்காருங்கள். ஜன்னல் பக்கம் வெயில் வரும், இந்த நாற்காலி நல்லது.

நீங்கள் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதியவர். முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். இந்த ஆற்றில் ட்ரவுட் மீன் இருக்கிறது. அதைத் தூண்டில் போட்டுப் பிடிக்கத்தான் பணக்காரர்கள் இங்கே வந்து தங்குகிறார்கள். புழு, மாவு உருண்டை எதுவும் கூடாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றி ஒரு பொய்ப் பூச்சி கட்டுவோம். அதற்கு 'ஈ' என்று பெயர். நெஞ்சு உயரத்துக்கு ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, ஆற்றில் இடுப்பளவு இறங்கி நின்று, கோலை முன்னும் பின்னும் வீசி, அந்த ஈயைத் தண்ணீர் மேல் நிஜப் பூச்சி உட்காருகிற மாதிரி இறக்க வேண்டும். மீன் ஏமாந்து எழும்பிக் கவ்வும். இழுத்துப் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாகப் படம் எடுத்துக்கொண்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். எங்கள் அம்மா இதை இன்றுவரை நம்பவில்லை. "விடறதுக்கு எதுக்குடா பிடிக்கணும்?" என்று அண்ணனைக் கேட்பாள். "பிடிச்சாத்தானேம்மா விட முடியும்" என்பான் அவன். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும்.

ட்ரவுட் மாதிரி சந்தேகப் பிராணி உலகத்தில் கிடையாது. கரையில் ஒருவர் ஓடினால் அந்த அதிர்வு மண் வழியாகத் தண்ணீருக்குள் போய்விடும். மீன் பாறைக்கடியில் புகுந்துகொள்ளும், பிறகு மதியம் வரை தலைகாட்டாது. இது உண்மை. நான் மீன்வள அறிவியல் படித்தவள், இதற்குப் பரீட்சையில் பதிலே எழுதியிருக்கிறேன். முன்பெல்லாம் மேலே அணைக்கதவைத் திறக்கும்போது விடுதியில் சங்கு ஊதுவார்கள். மொத்த ஆற்றுக்கும் கேட்கும். விருந்தாளிகள் எரிந்து விழுந்தார்கள். "நாங்க அமைதிக்கு வந்தோமா, மில்லுக்கு வந்தோமா?" என்று ஒரு பல் டாக்டர் மேனேஜரைப் பிடித்து உலுக்கிவிட்டார். அப்போது அண்ணன்தான் யோசனை சொன்னான். சங்கு வேண்டாம். அணைக்காரர் ஃபோன் பண்ணட்டும். யார் கவுன்டரில் இருக்கிறார்களோ அவர்கள் சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்துபோய், மீன் பிடிப்பவர் கண்ணில் படும்படி நின்று துணியைத் தூக்கிக் காட்டட்டும். கூப்பிடக் கூடாது. கை தட்டக் கூடாது. முக்கியமாக, ஓடக் கூடாது. கதவு திறந்த தண்ணீர் இங்கே வந்துசேர ஒரு வாளித் துணியைத் துவைத்து அலசிக் காயப்போடுகிற நேரமாகும். பூனை நடை நடந்தாலும் அதில் பாதி நேரத்தில் போய்விடலாம். நல்ல யோசனைதான். இத்தனை வருஷத்தில் ஒருவர் கால்கூட நனைந்ததில்லை. தப்பு, எல்லோர் காலும் நனைந்தே இருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று சொல்ல வந்தேன்.

நான் படிப்பு முடித்து இங்கே வேலைக்கு வந்த முதல் வாரம், அண்ணன் என்னை விருந்தாளிகள் முன்னால் கரையில் மேலும் கீழும் நடக்கவிட்டான். ஆழமில்லாத இடத்தில் நாலைந்து குட்டி மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் நடக்க, அவை சிதறி ஓட, விருந்தாளிகள் சிரிக்க, அண்ணன், "பட்டதாரி, குதிகாலை வைக்காதே. விரலை வை. நீ மேடைக்குப் பட்டம் வாங்கப் போகலை" என்றான். எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் மீன் ஓடாமல் நடக்கக் கற்றுக்கொண்டேன். என்னைத் தூக்கித் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். அவன் பலசாலி.

என் அண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கெட்ட அண்ணனாக வாய்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம். ஒரு நாள் சண்டை போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன், ஊரும் ரோசக்காரி என்று நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கும். நல்ல அண்ணனை விட்டுவிட்டுப் போவது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

அப்பா இறந்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்தை விட்டான். விருந்தாளிகளின் மூட்டை தூக்கினான், பிறகு படகு தள்ளினான், பிறகு ஆறே அவன் கைக்குள் வந்துவிட்டது. ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி அசையாமல் தண்ணீரில் நிற்பதால் அவனுக்குக் 'கொக்கு' என்று பெயர். அதனால் நான் கொக்கோட தங்கச்சி. எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் இரண்டாவது இடம் வாங்கினேன். செய்தி வந்த அன்று தெருவே வீட்டுக்கு வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கியது. எதிர்வீட்டுத் தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாதிச்சிட்டியேடா" என்றார். யாரிடம்? அவனிடம். நான் அப்போது வந்தவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன்.

பட்டமளிப்பு நாளில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். படம் எடுக்க வரிசையில் நிற்கும்போது, "ஒரு தடவை நான் போட்டுப் பாக்கறேன்டி" என்று என் அங்கியையும் தொப்பியையும் வாங்கி மாட்டிக்கொண்டான். போட்டோக்காரர் விளையாட்டாக ஒன்று எடுத்தார். படம் பிரமாதமாக வந்திருந்தது. என்னுடையதில் நான் கண்ணை மூடியிருந்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது எது என்று நினைக்கிறீர்கள்? அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. நன்றாக இருக்கிற படத்தைத்தானே மாட்டுவார்கள். வருகிறவர்கள், "உங்க பையன் பெரிய படிப்பா?" என்பார்கள். அம்மா, "அவன் படிக்க வெச்ச படிப்பு" என்பாள். பிறகு என்னைப் பார்த்து, அன்பாகத்தான், "அவன் இல்லேன்னா நீ ஏது?" என்பாள்.

இதற்கெல்லாம் ஒருவரைக் கொல்வார்களா என்று உங்கள் முகம் கேட்கிறது. மாட்டார்கள். நானும் செய்யவில்லை. கோபம் வரும், நாலு பாத்திரத்தை ஓங்கி வைப்பேன், போய்விடும். விஷயம் கப்பல்.

கடலை அளக்கிற ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் ஓர் இடம் காலியாக இருந்தது. கல்லூரியில் எங்கள் துறைத்தலைவர் என் பெயரைச் சொல்லியிருந்தார். நானாக எழுதி, நானாக நேர்முகத்தில் பேசி, அவர்கள் கேட்ட இருபது கேள்விக்கும் நானாகப் பதில் சொன்னேன். ஒரு வருஷம் தண்ணீர் மேல். கரையே கிடையாது. கொக்கு என்றால் பறவை என்று மட்டும் தெரிந்த மனிதர்கள். அந்த வேலையை நினைத்துக்கொண்டுதான் நான் தினமும் தூங்கினேன். வீட்டில் சொல்லவில்லை, உறுதியானதும் சொல்லலாம் என்றிருந்தேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் செல்ஃபோனுக்கு எங்கும் சிக்னல் கிடையாது, விடுதிக் கவுன்டர் ஜன்னல் திட்டைத் தவிர. வேலை செய்கிற எல்லோருடைய ஃபோனும் அந்தத் திட்டில்தான் வரிசையாகப் படுத்திருக்கும், கருவாடு காயப்போட்ட மாதிரி. யாருடையது அடித்தாலும் பக்கத்தில் இருப்பவர் எடுத்து விஷயத்தை வாங்கி வைப்பார். அது இங்கே பழக்கம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. துறைத்தலைவர் கூப்பிட்ட நேரத்தில் நான் மீன்குஞ்சுத் தொட்டியில் முழங்கை வரை இறங்கியிருந்தேன். அண்ணன் எடுத்தான்.

சாயங்காலம் சமையலறைக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே, "உங்க சார் கூப்பிட்டார்டி. ஏதோ கப்பலாம், இன்னைக்கே பதில் சொல்லணுமாம். நான் சொல்லிட்டேன், கவலையை விடு" என்றான்.

"என்னன்னு சொன்ன?"

"அவ வர மாட்டா சார், இங்கயே மீன்பண்ணைப் பொறுப்பு அவளுக்குத்தான் வரப்போகுதுன்னேன். மேனேஜர்கிட்ட பேசிட்டேன். பர்மனென்ட். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம வெச்சிருந்தேன்."

சமையல்காரக்கா, "பாத்தியா, அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கப்பல்ல போய் வாந்தி எடுக்கப்போறியா? பஸ்லயே உனக்குப் பை வேணும்" என்றான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் என் தலையை ஆட்டிவிட்டு, மிச்ச ரொட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் நான் துறைத்தலைவரைக் கூப்பிட்டேன். வேறொருவருக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். "உங்க அண்ணன் ரொம்ப நல்ல மனுஷரா இருக்காரும்மா" என்றும் சொன்னார். இரண்டு நிமிஷப் பேச்சில் அவரையும் பிடித்துவிட்டான்.

நான் அழவில்லை. ஜன்னல் திட்டில் என் ஃபோனை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். அப்போது எனக்கு மனசு ரொம்ப லேசாக இருந்தது. கணக்குப் பாடத்தில் விடை வந்துவிட்டால் இருக்குமே, அந்த மாதிரி. இந்த மனிதன் இருக்கிறவரை என் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை அவன் வாயிலிருந்துதான் வரும். அவன் ஆயுசு கெட்டி. எங்கள் வீட்டு ஆண்கள் விபத்தில் போனால்தான் உண்டு.

இப்போது நடுப்பாறை மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றின் நடுவில் எருமை படுத்த மாதிரி ஒரு பாறை இருக்கிறதே, அதன் பின்னால் ஒரு பெரிய ட்ரவுட் குடியிருக்கிறது. அண்ணன் மூன்று வசந்தமாக அதற்கு அலைந்தான். அதற்குப் பெயர்கூட வைத்திருந்தான், 'மாமனார்' என்று. எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம். வசந்தம் முடிகிற இந்த வாரங்களில் தண்ணீரிலிருந்து ஒரு பூச்சி எழும்பும். ஒரு வருஷம் ஆற்றுக்கடியில் கல்லோடு கல்லாகக் கிடந்து, இறக்கை முளைத்து மேலே வந்து, ஒரே நாள் பறந்துவிட்டுச் செத்துப்போகும். அந்த ஒரு நாளில் சாப்பிட அதற்கு வாய்கூடக் கிடையாது. எல்லோரும் அது பறக்கிற கோலத்தில் ஈ கட்டுவார்கள். மாமனார் தின்றது செத்து, இறக்கையை இரண்டு பக்கமும் விரித்துத் தண்ணீரோடு மிதந்துவருகிற பூச்சியை மட்டும். கரையில் உட்கார்ந்து ஒரு வாரம் பார்த்துக் கண்டுபிடித்தேன். நல்ல வேலை அது, ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதலாம். வெளிறிய இறகை எடுத்து, இறக்கை தட்டையாகப் படுக்கும்படி ஓர் ஈ கட்டினேன்.

மறுநாள் மதியம் அவனுக்கு ஓய்வு. காலையில் கவுன்டருக்கு வந்தவனிடம் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து, மூச்சுக்காற்றில் அது அசைவதைப் பார்த்தான்.

"நீயா கட்டின?"

"உன் மாமனாருக்குச் சீர்வரிசை."

"அடிப்பாவி, இவ்வளவு நாள் எங்க வெச்சிருந்த? படிச்ச படிப்பு வீண் போகலடி" என்றான். இத்தனை வருஷத்தில் என் படிப்பை அவன் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

மதியம் கோலை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல வாசலில் நின்று, "அணைக்காரர் கூப்பிட்டாரா?" என்றான்.

"இன்னைக்கு இன்னும் கூப்பிடலை" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு இன்னும் கூப்பிடவில்லைதான். முந்தின நாள் மாலையில் கூப்பிட்டிருந்தார். மேலே பனி வேகமாக உருகுகிறது, நாளை மதியம் கதவைத் திறந்தாக வேண்டும், பெரிய தண்ணீர் வரும், திறக்கும்போது மறுபடி சொல்கிறேன் என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஈ கட்ட உட்கார்ந்தேன்.

பல் டாக்டர் அன்று இருந்தார், அதே சங்குக்காரர். மனைவியோடு ஆற்றுக்கு இறங்கத் தயாராக நின்றார். ஆற்றோடு சேராத மேல்குளத்தில் மீன் நன்றாக எழும்புகிறது என்று சொல்லி இரண்டு பேரையும் ஜீப்பில் அங்கே அனுப்பிவைத்தேன். விருந்தாளிகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அது என் வேலை, அதில் நான் கவனமாக இருப்பேன்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஃபோன் வந்தது. "தொறந்தாச்சு தங்கச்சி. எல்லாரையும் மேல ஏத்திடு" என்றார் அணைக்காரர். நன்றி சொல்லி வைத்தேன். சிவப்புத் துணியை எடுத்து மடித்தேன். சமையலறை வழியாகப் போனேன்.

"யாருடி ஃபோன்ல?" என்றாள் அக்கா.

"அணைலேருந்து."

"ஆத்துல யாராவது இருக்காங்களா?"

"அண்ணன் மட்டும்."

"அவனா, மழை எங்க பெய்யுதுன்னே மோப்பம் பிடிக்கிறவன். டீ ஊத்திட்டேன், குடிச்சிட்டுப் போ, ஆறிடும்."

அந்த அக்கா இன்று சமையல்கட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள், "நான்தான் டீ குடுத்து உக்காரவெச்சேன், நான்தான் பாவி" என்று. தயவு செய்து அவளிடம் சொல்லுங்கள், அந்த டீக்கு அவள் பொறுப்பில்லை. அவள் கொடுக்காவிட்டால் நானே போட்டுக் குடித்திருப்பேன். உட்கார்ந்து குடித்தேன். டம்ளரைக் கழுவினேன். இன்னும் இரண்டு பேர் வைத்துவிட்டுப் போன டம்ளரையும் கழுவினேன். கரையில் ஓடக் கூடாது என்றுதான் விதி, மேடம். டீ குடிக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

பிறகு நடந்தேன். குதிகாலை ஊன்றாமல், விரலை வைத்து, அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே. நல்ல வெயில். காற்றில் அந்தப் பூச்சிகள் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று என் சட்டைக் கையில் வந்து உட்கார்ந்தது. நின்று பார்த்தேன். அது தானாகப் பறந்துபோகிறவரை பார்த்தேன். அவசரப்பட்டுத் தட்டினால் இறக்கை ஒடிந்துவிடும், அவ்வளவு மெல்லிசு.

நடுப்பாறைக்கு நேர் எதிரே கரையை அடைந்தபோது அண்ணன் இடுப்பளவு தண்ணீரில், எனக்குப் பக்கவாட்டாக நின்றான். பாறைக்குப் பின்னால் மீன் எழும்பி எழும்பித் தின்றுகொண்டிருந்தது. வாய் திறக்கிற சத்தம்கூடக் கேட்டது, ஒரு சொட்டு எண்ணெய் விழுகிற மாதிரி. தண்ணீரின் நிறம் அப்போதே மாற ஆரம்பித்திருந்தது. சருகும் நுரையும் முதலில் வரும், பிறகு கலங்கல், பிறகுதான் தண்ணீர். அவன் சாதாரணமாக அதைக் கவனித்திருப்பான். அன்று அவன் கண்ணெல்லாம் அந்த வெளிறிய இறகின் மேல் இருந்தது.

என்னைப் பார்த்தான். சிரித்தான். வாய் மேல் விரலை வைத்து, பேசாதே என்று சாடை காட்டினான்.

துணி என் கையில்தான் இருந்தது. கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நேற்று உங்களிடம், போய்ச்சேர்வதற்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னேன். வரவில்லை. நான் அங்கே நின்று, அவன் இரண்டு முறை கோல் வீசுவதைப் பார்த்தேன். மூன்றாவது முறை ஈ சரியாகப் பாறையின் ஓரத்தில் இறங்கி, இறக்கையை விரித்துக்கொண்டு மிதந்தது. மாமனார் வந்து வாங்கிக்கொண்டது. கோல் வளைந்தது. அவன் கத்தவில்லை, விதி அப்படி, ஆனால் அவன் தோள் இரண்டும் சிரித்தன. அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் வளைவில் சத்தம் கேட்டது.

அவனும் கேட்டான். மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை என்னவென்று நீங்கள் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன். அவன் என்னை எதுவும் கேட்கவில்லை. நான் நின்றது கரையின் விளிம்பில், மண் அரிக்கிற இடத்தில். அவன் கோல் இல்லாத கையை வீசி வீசி, பின்னால் போ, மேலே ஏறு என்று எனக்குக் காட்டினான். தண்ணீர் நெஞ்சுக்கு வரும்வரை காட்டிக்கொண்டே இருந்தான். நான் ஏறி நின்றுகொண்டேன். உண்மையில் கொஞ்ச நேரத்தில் அந்த விளிம்பு இடிந்து விழுந்தது. பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நல்லது செய்துவிட்டுத்தான் போனான். என்ன மனிதன்.

ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது. ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டான். நான் படித்த வரையில் அப்படித்தான்.

அதோடு விட்டிருந்தால் நான் உங்கள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் ஊர் விடவில்லை. அம்மா என் தலையைத் தடவி, "உன்னை மேல ஏத்திட்டுத்தான் அவன் உயிரை விட்டிருக்கான்" என்கிறாள். விளிம்பு இடிந்ததை நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தையல்காரர், "இனிமே நீ அவனுக்காக வாழணும்மா" என்கிறார். மேனேஜர் கரையில் ஒரு கல் நாட்டப்போகிறாராம். நேற்று டீ நேரத்தில் எல்லோருக்கும் வாசகத்தை வாசித்துக் காட்டினார்: 'தங்கையைக் கரையேற்றியவர்.' எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பல் டாக்டரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா டீயை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் குற்றத்தை எடுத்துக்கொள்கிறாள். நீங்கள் விதியின் தலையில் போடுகிறீர்கள், அந்த விதியைப் போட்டதும் அவன்.

நான் பட்டம் வாங்கியது அவனால். வேலையில் இருப்பது அவனால். உயிரோடு இருப்பதும் அவனால் என்றாகிவிட்டது. போகட்டும். ஆனால் பூச்சியை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தது யார்? இறகைத் தேர்ந்தெடுத்தது யார்? தண்ணீர் வருகிற நேரத்தையும் மீன் எழும்புகிற நேரத்தையும் சேர்த்துவைத்தது யார்? இதில் அவன் ஒரு துரும்பைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. பேசாதே என்று விரலைக் காட்டினான், அவ்வளவுதான். காட்டாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இதையாவது என் பெயரில் எழுதுங்கள்.

நீங்கள் என்னை அழைத்துப்போவதானால் சனிக்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியுமா? டாக்டர் தம்பதியைச் சனிக்கிழமை ஆற்றில் இறக்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் இடத்தில் இப்போது நான்தான் போகிறேன். அவனுடைய பழைய ரப்பர் கால்சட்டை ஒன்று இருந்தது, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் எனக்குச் சரியாக இருக்கிறது. நேற்று தண்ணீரில் நின்றபோது டாக்டர், "அப்படியே கொக்கு மாதிரி நிக்கிறியேம்மா" என்றார். நல்லவர், மனசில் வைத்துச் சொல்லவில்லை.

கப்பலா? அதைக் கேட்பீர்கள் என்று தெரியும். துறைத்தலைவர் முந்தாநாள் கூப்பிட்டார். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் விஷயத்துக்கு வந்தார். அந்த இன்னொரு ஆள் கடைசி நேரத்தில் மாட்டேன் என்று விலகிவிட்டாராம், இடம் உனக்குத்தான், வருகிறாயா என்றார். ஜன்னல் திட்டுப் பக்கத்தில் நான்தான் இருந்தேன், நான்தான் எடுத்தேன். "இல்ல சார், முடியாது. இங்க சீசன் ஆரம்பிச்சாச்சு, அம்மாவும் தனியா இருக்காங்க, ஆத்தைப் பாத்துக்க வேற ஆளில்லை" என்றேன். நல்லா யோசிச்சியாம்மா என்றார். யோசிச்சாச்சு சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். கவனித்தீர்களா, மேடம், இந்தத் தடவை எனக்காக யாரும் பேசவில்லை. என் வாயால் நானே சொன்னேன்.